கேட்டதற்கு மட்டும் பதில்

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு வராமல் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வகுப்பு முடிந்து எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இலை போட்டு, இரண்டு காய், அப்பளம், ஊறுகாய் எல்லாம் வந்துவிட்டன. சோற்று வாளியோடு வந்த பையனுக்கு நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே அவருடைய இலையைத் தாண்டிப் போய்விட்டான். நாங்கள் எல்லோரும் பேச்சு மும்முரத்தில் சாம்பார் முடித்து ரசத்துக்குப் போய்விட்டோம். அப்போதுதான் கவனித்தேன், அவர் காயைக் கூடத் தொடாமல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, உங்களுக்குச் சோறு வரலையா?"

"வரல மிஸ்."

"கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே லா?"

"அவரு என்னை ஒண்ணும் கேக்கலையே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. சோறு வந்ததும் மூன்று தடவை வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார்.

அவர் அப்படித்தான். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். கேட்டுவிட்டால் பொய் சொல்லவும் மாட்டார். நானோ கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்கிற ஜாதி. எங்கள் வீட்டில் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் போன்ற ஒருத்திக்கு அவரைப் போன்ற ஒருவர் எவ்வளவு எரிச்சல் மூட்டியிருப்பார் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கடைசியாகப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது. எரிச்சலெல்லாம் போய்விட்டது, ஆள் மட்டும் மனதில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒரு பிசியோ. வாரத்தில் நான்கு நாள் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் கழுத்து, முதுகு, முழங்கால் என்று பிடித்துவிட்டுக்கொண்டிருப்பேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், நானும் என்னோடு படித்த இரண்டு தோழிகளும் வகுப்பு நடத்துகிறோம். படிக்க வருபவர்கள் கிளினிக் டாக்டர்கள், தாதியர், ஆம்புலன்ஸில் போகிறவர்கள், எங்களைப் போன்ற பிசியோக்கள். பாடம் எப்போதும் ஒன்றுதான். பின்னாலிருந்து வாகனம் மோதி ஒருவருடைய கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடிவிட்டால், கழுத்தோடு மூளையும் அடிபட்டிருக்கலாம். ரத்தம் வந்திருக்காது. மயக்கம் போட்டிருக்க மாட்டார். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பாடம்.

வகுப்பின் தொடக்கத்தில் நான் ஒரு வேடிக்கை செய்வேன். கீழே கடையில் தாவ்பூபா வாங்கிவருவேன், சோயாப் பாலில் செய்த அந்த மெத்தென்ற இனிப்பு. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். டப்பாவைக் கையில் பிடித்து வெடுக்கென்று ஒரு ஆட்டு ஆட்டி நிறுத்துவேன். டப்பாவைச் சுற்றிக் காட்டுவேன், கீறல் இருக்காது. பிறகு மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் உடைந்து கிடக்கும். பெரிய பெரிய டாக்டர்கள் கூட எட்டிப் பார்ப்பார்கள். தேநீர் இடைவேளையில் அதையே கிண்ணங்களில் போட்டுச் சாப்பிட்டுவிடுவோம்.

இந்தப் பாடத்தை எடுக்க ஆரம்பிக்கும் முன்பே நான் அதில் தோற்றவள். தோற்கடித்தவர் அவர்தான்.

அவர் மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய் வேலைக்கு இறக்கி, சாயங்காலம் வீட்டில் கொண்டுவிடும் பஸ். ஒரு நாள் ஆட்களை இறக்கிவிட்டு காலி பஸ்ஸோடு காப்பார் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது ஒரு லோரி பின்னால் வந்து இடித்துவிட்டது. பஸ்ஸுக்குப் பின்பக்கம் போனது. அவருக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, கழுத்துப் பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். கழுத்து வலி போகாததால் சில மாதம் கழித்து எங்கள் கிளினிக்குக்கு வந்தார்.

ஆறு வாரம் அவருடைய கழுத்தைப் பார்த்தேன். கழுத்து எப்படி இருக்கு என்பேன், பரவாயில்லை என்பார். இந்தப் பக்கம் திரும்புங்கள் என்பேன், திரும்புவார். மீதி நேரமெல்லாம் நான் பேசுவேன், அவர் கேட்பார். நல்ல நோயாளி என்று நினைத்தேன். கடைசி நாள் வெயில் அவர் முகத்தில் விழுகிறதே என்று ஜன்னல் திரையை இழுத்தேன். அவர் தோள் இரண்டும் அப்படியே தளர்ந்து இறங்கின. ஆறு வாரம் நான் அமுக்கியும் இறங்காத தோள்கள்.

வெளிச்சம் உறுத்துகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எப்போதிலிருந்து என்றேன். இடித்த நாளிலிருந்து என்றார். தலைவலி? தினமும். சத்தம்? தாங்க முடியவில்லை. பேசும்போது வார்த்தை கிடைக்காமல் போகிறதா? போகிறது. கோபம்? வருகிறது, முன்னால் வராது. ஒவ்வொன்றையும் பஸ் நிறுத்தங்களைச் சொல்வது போல ஒரே குரலில் சொன்னார்.

"இதையெல்லாம் ஏண்ணே என்கிட்ட முன்னமே சொல்லல?"

"நீங்க கழுத்தைத்தான மிஸ் கேட்டீங்க."

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில்தான் அந்த வகுப்பே தொடங்கியது என்று சொன்னால் தப்பில்லை. தோழிகளிடம் சொன்னேன், நோயாளியாக உட்கார வைக்க இவரை விட்டால் ஆளில்லை என்று. நடிகர் ஒருவரைக் கொண்டுவந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். இவர் கொட்ட மாட்டார். சரியான கேள்வியைக் கேட்டால்தான் சரியான பதில் வரும். வருவீர்களா என்று கேட்டேன், வருவேன் என்றார். மேருவிலிருந்து கிள்ளானுக்கு பஸ், கிள்ளானிலிருந்து கொம்முட்டர் ரயில் என்று இரண்டு வருடம் ஒரு மாதம் தவறாமல் வந்தார்.

வகுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் கொடுப்போம். அதற்குள் அவரிடம் கேட்டு, பரிசோதித்து, என்ன பிரச்சினை என்று எழுதித் தர வேண்டும். வேடிக்கை பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். சிலர் ஒன்பது நிமிடம் அவர்களே பேசுவார்கள். சிலர் கேள்வியையும் கேட்டு, அவர் யோசித்து வாயைத் திறப்பதற்குள் பதிலையும் சொல்லிவிடுவார்கள். அவருக்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு முறை அனுபவம் வாய்ந்த டாக்டர் ஒருவர் தன் தாளில் 'நடிக்கிறார் என்று சந்தேகம்' என்று எழுதிக் கொடுத்தார். நான் அதை மறைக்கப் பார்த்தேன், அவர் படித்துவிட்டார். வருத்தமா அண்ணே என்று கேட்டேன்.

"அவரு பாவம் மிஸ். ஒண்ணுமே கேக்கல, அவருக்கு எப்படித் தெரியும்?"

அவருடைய மனைவி கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். கெட்டிக்காரி, படபடவென்று பேசுவார், எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அந்த ஆறு வாரத்துக்கு அப்புறமும் பிசியோவுக்குக் கூட்டிவரும் நாட்களில் வரவேற்பறையில் உட்கார்ந்து புலம்புவார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் இவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் வருவதில்லை, வந்தாலும் பாதியில் எழுந்து போகிறார், பிள்ளை டிவி வைத்தால் எரிந்து விழுகிறார், சோம்பல் உடம்பில் ஊறிவிட்டது என்பார். நான் என் தாவ்பூபா கதையை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார், நம்ப மாட்டார். மூளையில் அடிபட்டவர் என்றால் அவர் மனதில் தலையில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் ஆள்.

இவர் பெண் பார்க்க வந்த கதையை மனைவிதான் எனக்குச் சொன்னார். மாப்பிள்ளை குடிப்பாரா என்று பெண்ணின் அப்பா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். எல்லோரும் சொல்லும் பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டது. இவர் கொஞ்சம் யோசித்து, சனிக்கிழமை இரண்டு பீர், தீபாவளிக்கு நான்கு என்று கணக்கோடு சொல்லியிருக்கிறார். கூட வந்த மாமாவுக்கு மூச்சே நின்றுவிட்டதாம். பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஆளைப் பிடித்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லும்போது மனைவி சிரித்தார், சிரித்து முடித்ததும், அப்போதெல்லாம் கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார், இப்போது அதுவும் இல்லை என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த பஸ். பயணிகளை ஏற்றும் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட பாரம் வேண்டும். விபத்துக்குப் பிறகு வந்த புதுப்பிப்பை அவர் செய்யவில்லை. தொழிற்சாலையில் அவரை ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ரொம்பவும் தள்ளிப்போட்டால் லைசென்ஸ் செத்துவிடும், எல்லாத் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டிவரும். ஐம்பதை நெருங்கும் வயதில், வார்த்தை மறந்துபோகிற தலையோடு, அது நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு பஸ்ஸுக்காக இப்படி ஏங்குவானேன் என்று எனக்குத் தோன்றும். எங்கள் பேச்சில் கார் என்றால் காடி. அந்தக் காடி ஓட்டுவதே எனக்குத் தலைவேதனை. ஒரு நாள் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பஸ் ஓட்டுவதில் அப்படி என்னண்ணே இருக்கிறது என்று கேட்டேன். அவர் பேசி நான் கேட்ட ஒரே நாள் அது. காலை ஐந்து மணிக்கு முதல் ஆள் ஏறுவதிலிருந்து ஆரம்பித்தார். ராத்திரி சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிற பெண்கள், ஏறியதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். மேரு சாலை முழுக்கக் குண்டும் குழியும். எந்தக் குழி எந்த மரத்தடியில் இருக்கிறது, மழை பெய்தால் எது பெரிதாகும், அதற்கு எவ்வளவு முன்னால் பிரேக்கில் கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தூங்குறவங்க தல கண்ணாடியில இடிக்கக் கூடாது மிஸ். இடிக்காம கொண்டுபோய் எறக்கினா அவன் டிரைவரு. இல்லன்னா சும்மா ஸ்டேரிங்கப் புடிச்சிருக்கவன்."

ரேடியோ அன்றைக்கு வேலை செய்யவில்லை.

இரண்டாம் வருடத்தில் அவர் தேறிவருகிறார் என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கழுத்து நன்றாகவே ஆகிவிட்டது, அது என் கைவேலை. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் வைக்கும் சின்னச் சின்னப் பரிசோதனைகளில் முன்பெல்லாம் பாதியில் நின்றுவிடுவார். மெல்ல மெல்லக் கூடியது. ஐந்து சொற்கள் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஐந்தையும் சொன்னார். மாதங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் டிசம்பரிலிருந்து தடையில்லாமல் ஜனவரிக்கு வந்தார். ஒற்றைக் கோட்டில் பாதத்துக்கு முன் பாதம் வைத்து நடந்தார். முதல் முறை அவர் ஐந்து சொற்களையும் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன்.

அதற்கு அடுத்த மாதமோ என்னவோ, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரும் மனைவியும் எங்கள் கிளினிக்குக்கு வந்தார்கள். அவர் கையில் அந்த பாரம் இருந்தது. நல்ல சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பஸ் லைசென்ஸுக்கா அண்ணே என்று கேட்டேன், ஆமாம் என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்குக் கையெழுத்து ஆகிவிட்டால் அடுத்த வாரமே பஸ்ஸைக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார், வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் கிளினிக்குக்கு அப்போது ஒரு இளம் டாக்டர் புதிதாக வந்திருந்தார். எங்கள் வகுப்புக்கு வந்ததில்லை, இந்த அண்ணனை முன்பின் பார்த்ததுமில்லை. ஆனால் பொறுப்பான பெண். விபத்தில் மாட்டியவர்களை எப்படிப் பரிசோதிப்பது என்று என்னிடம் கேட்டதால், எங்கள் வகுப்பில் கொடுக்கும் தாளை ஒரு மாதம் முன்னால் நானேதான் அவரிடம் பெருமையாகக் கொடுத்திருந்தேன். இவருடைய கழுத்தைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மனைவியும் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, சொன்னேன். டாக்டர் அவசரப்படவில்லை. மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தலையில் காயம் பட்டதுண்டா என்றார். காயம் இல்லை என்றார் அவர், அது உண்மை. மயக்கம் போட்டதுண்டா, இல்லை. வலிப்பு வந்ததுண்டா, இல்லை. பெனிங் இருக்கிறதா என்றார், நாங்கள் இங்கே தலைசுற்றலையும் தலைபாரத்தையும் அந்த ஒரு மலாய்ச் சொல்லில்தான் சொல்லுவோம். இன்றைக்கு இல்லை என்றார். பிறகு டாக்டர், நான் ஐந்து சொல் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தாளைப் பார்த்துப் படித்தார். குடை, ஆறு, சாவி, மாம்பழம், மணி.

நான் மேசையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன்.

இரண்டு வருடமாக எங்கள் வகுப்பில் அதே ஐந்து சொற்கள். மாதாமாதம், குழுவுக்குக் குழு, அதே குடை, அதே ஆறு. படிக்க வருபவர்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள், அதனால் தாளை மாற்ற வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. மாறாமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தச் சொற்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மாதங்களைத் திருப்பிச் சொல்வதும், கோட்டில் நடப்பதும் அப்படித்தான். டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நாங்கள் நினைத்த ஒவ்வொரு சனிக்கிழமையும், இந்த அறையில் தேறுவதற்கு அவருக்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறோம். நான் எழுந்து நின்று கைதட்டியது அதற்குத்தான்.

இதற்காக வேண்டுமென்றேதான் வகுப்புக்கு வந்தாரா? இதை அவரிடம் நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

டாக்டர் சொற்களைத் திரும்பக் கேட்டார். ஐந்தும் வந்தன. மாதங்கள் வந்தன. கோட்டில் நடந்தார். டாக்டரின் முகம் மலர்ந்தது. நல்ல சேதி அங்கிள் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். மனைவி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னைக் கேட்டது கழுத்தைப் பற்றி, கழுத்து நன்றாக இருந்தது. அந்த மனிதருக்கு அந்த பஸ் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் வாழ்க்கை அவருக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு நிமிடம் எனக்கு வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் உள்ள எதைக் கேட்டாலும் பிரயோஜனமில்லை. தாளில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். என் வாயில் வந்தது ரொம்பச் சாதாரணமான ஒரு கேள்வி.

"அண்ணே, இன்னைக்குக் காடிய யாரு ஓட்டிட்டு வந்தா?"

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இவதான்."

"எப்பவும் இவங்கதான் ஓட்டுவாங்களா?"

"இல்ல மிஸ். நேத்து வரைக்கும் நான்தான்."

"இன்னைக்கு ஏன் நீங்க ஓட்டல?"

மனைவி சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். டெஸ்ட் என்றதும் பதட்டமாகிவிட்டார் மிஸ், சாவியை என்னிடம் நீட்டிவிட்டார் என்றார். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்த நேரத்தை நாங்கள் மூன்று பேரும் அவருக்குக் கொடுத்தோம்.

"நேத்து பாசார்லேருந்து வரப்போ சிவப்பு லைட்டுல நின்னேன்" என்றார். "பச்ச விழுந்திருக்கு. எனக்குத் தெரியல. பின்னால ஹார்ன் அடிச்சிருக்காங்க, அதுவும் கேக்கல. ஒரு ஆளு எறங்கி வந்து கண்ணாடியத் தட்டுனப்பதான் தெரிஞ்சுது. எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியாது."

"இது முதல் தடவையா?"

"இல்ல. மூணாவது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மனைவியின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நேத்து பாப்பா உங்க கூட காடியில இருந்தாளே" என்றார் மனைவி.

"இருந்தா. தூங்கிட்டு இருந்தா."

அவர் தன் மனைவியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். மனைவி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் இருப்பதையே மறந்துவிட்டவரைப் போலக் கேட்க ஆரம்பித்தார். அக்கா வீட்டுக் கல்யாணத்தில் மேளம் அடிக்கும்போது வெளியே போய் நின்றீர்களே, அது இதுதானா என்றார். ஆமாம் என்றார். போன வருடம் சமையலறை லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்தினீர்களே. அதுவும்தான். பாப்பாவின் பெயர் வராமல் அவளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது? ஆமாம். தினமும் வலிக்கிறதா? தினமும், மத்தியானத்துக்கு மேல்.

எங்கள் வகுப்பில் எத்தனையோ பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள், இப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. இரண்டு வருடம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து மற்றவர்களுக்குக் காட்டினேன், அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று ஒரு தடவை கேட்டதில்லை. அன்றைக்கு அந்த அறையில் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நான் உங்களச் சோம்பேறின்னு ஏசுனப்போ?" என்று கேட்டார் மனைவி.

இதற்குப் பதில் வர வெகுநேரம் ஆனது.

"இருக்கலாமோன்னு நெனச்சுக்குவேன்."

மனைவி அவர் முழங்கை மேல் கையை வைத்தார். டாக்டர் மெல்லிய குரலில், இப்போது கையெழுத்துப் போட முடியாது, நரம்பு மருத்துவரைப் பார்க்கக் கடிதம் தருகிறேன், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம், அதுவரை காடியும் ஓட்ட வேண்டாம் அங்கிள் என்று சொன்னார். ஆறு மாதத்தில் லைசென்ஸின் கெடு தாண்டிவிடும் என்று டாக்டருக்குத் தெரியாது. அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் தெரியும். அவர் சரி என்றார். பாரத்தை எடுத்து, மடிப்பில் மடித்து, சட்டைப் பையில் வைத்தார். எழுந்திருக்கப் போனவரை மனைவி இன்னும் கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"ஏங்க, அந்த பஸ்ஸு உங்களுக்கு அவ்ளோ வேணுமா?"

"வேணும்" என்றார்.

யோசிக்காமல், உடனே, கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது ஒன்றுதான். டாக்டர் கடிதம் எழுதக் குனிந்துகொண்டார். மனைவி கைப்பையில் காடிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு, வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்றார்.